முன்சில்லு பழம், பின்சில்லு காய்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்கச் சான்றோரைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடம் அதனை எதிர்பார்த்தல் முறையே. ஆயினும், இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் அனைவர்க்கும் பொதுவான பொருள் யாது எனச் சிந்தித்துப் பார்த்தேன். நம்முள் மருத்துவர் உளர், பொறியியலாளர் உளர், வணிகர் உளர், தோட்டஞ் செய்வார் உளர், கடல் கடந்து வாழ்வாரோ பலர். இவர்களுள் துவிச்சக்கர வண்டியில் ஏறிக் கல்லூரிக்கு வாராதவர் மிகச் சிலரே. மாலை மணி அடித்ததும் கொட்டகைக்கு ஓடி, ஒன்றன்மேலொன்றாய்ச் சாய்ந்து கிடக்கும் வண்டிகளுக்குள்ளே தன் வண்டியை இழுத்தெடுத்த நினைவு எவரை விட்டும் நீங்கியிராது. ஆதலின் சைக்கிளைப் பற்றியே, சிறப்பாக அதன் ரயரைப் பற்றியே, எழுதத் துணிந்தேன். அன்பர்கள் நகைக்க வேண்டா. ரயரைப் பற்றி நான் அறிந்தது சிறிது; அதனை அறிவதற்கு நான் கொடுத்த விலை பெரிது.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டு மேலே செல்கிறேன். அலுவலகக் கடிதத்தில் நாம் ‘துவிச்சக்கர வண்டி’ என எழுதுகிறோம். தமிழ்நாட்டார் ‘மிதிவண்டி’ என்பர். எங்கள் வீட்டு முற்றத்திலோ அது என்றும் சைக்கிள்தான். சக்கரத்தை நாம் சில்லு என்கிறோம். இச்சொற்கள் யாவும் இக்கட்டுரையில் கலந்தே வரும். பண்டிதர் பொறுத்தருள்வாராக.

எங்கள் ஊர் இணுவில். என் தந்தையார் தோட்டக்காரர். செம்பாட்டு மண்ணிலே கத்தரியும் மிளகாயும் பீற்றூட்டும் வெங்காயமும் செய்தார். சில ஆண்டுகளில் புகையிலையும் வைத்தார். அவரிடம் ஒரு றலிச் சைக்கிள் இருந்தது. இங்கிலாந்திலே நொட்டிங்காம் நகரில், 1888ஆம் ஆண்டளவில் தோன்றிய கும்பனியின் வண்டி அது. என் பாட்டனார் வாங்கி, ஐயாவின் கைக்கு வந்தது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், சுருள்வில் பூட்டிய தோல் இருக்கை, பின்னே கொல்லுப்பட்டறையிற் சொல்லிச் செய்வித்த அகன்ற கரியர்.

1991ஆம் ஆண்டு நான் கல்லூரியில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தேன். விடியற்காலையில் ஐயா கரியரில் மரக்கறி மூடையை ஏற்றுவார்; பாரிலே பழைய துவாயொன்றை மடித்துச் சுற்றி என்னை இருத்துவார். திருநெல்வேலிச் சந்தையில் மூடையை இறக்கிய பின்னர் என்னைக் கல்லூரி வாயிலில் கொண்டுவந்து விடுவார். முதற்றவணை முடியுமுன் ஒருநாள், நான் பாரிலிருந்து இறங்குவதைக் கண்ட வகுப்புத் தோழன் ஒருவன், “எங்கையடா பிடிச்சனீ இந்த வண்டிலை?” என்று கேட்டான். சூழ நின்றவர் சிரித்தனர். அவன் கேட்டது விளையாட்டாகவே; எனக்கோ அன்று முழுவதும் பாடம் ஏறவில்லை. மறுநாட் காலை, “ஐயா, சந்தியிலை இறக்கிவிடுங்கோ, நான் நடந்து போறன்” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் நான் வாய் திறக்குமுன்னரே சந்தியிற் பிறேக்கைப் பிடித்தார். எனக்கெனச் சிறு சைக்கிளொன்று வாங்கும் வரையில், இரண்டு ஆண்டுகள், ஒருநாளேனும் அவர் அச்சந்தியைத் தாண்டவில்லை.

அக்காலத்து யாழ்ப்பாணம் சைக்கிளின் யாழ்ப்பாணம். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரம் இல்லை, எரிபொருள் கிடைப்பதரிது. மருத்துவரும் அதிபரும் மணமகனும் சைக்கிளிலேயே சென்றனர். நோயாளியும் கரியரில் இருந்தே மருத்துவமனைக்குப் போனார். புதிய ரயர் வாங்கப் பொருளும் இல்லை. பொருள் இருந்தாலும் ரயர் இல்லை. ரயரில் வெடிப்பு விழுந்தால், பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளே வைத்து, நைலோன் நூலாலே தைத்து ஓடினோம். ஐயா தைத்த ரயரில் தையல் நிலத்தைத் தொடாது. செருப்புத் தைப்பவரிடம் அவர் கற்ற வித்தை அது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நான் ரயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு அப்போது வயது பதினைந்து. ஆச்சியைக் கரியரில் இருத்துவதென்றும், அரிசிப் பைகளை ஹான்டிலின் இருபுறமும் தூக்குவதென்றும் முடிவாயிற்று. ஒழுங்கை நிறையச் சனம் போய்க்கொண்டிருந்தது. ஐயாவோ பம்பை எடுத்துக்கொண்டு சில்லின் அருகே குந்தினார். “ஊரே போட்டுது, இப்ப காற்றடிக்கிறியளே?” என்று சினந்தேன். அவர் நிமிரவில்லை. “பொறு தம்பி. பெருவிரலாலை அமத்திப் பார். முன்சில்லு பழம், பின்சில்லு காய். அப்பிடியிருந்தாத்தான் போய்ச் சேருவம்” என்றார்.

கறுத்தக்கொழும்பான் மாங்காய் கனியத் தொடங்கும்போது பெருவிரலுக்குச் சற்றே இணங்கும்; முன்சில்லு அவ்வாறிருத்தல் வேண்டும். முற்றிய காய் விரலுக்கு இணங்காது. ஆயினும் கல்லைப்போல் இராது. பின்சில்லு அவ்வாறிருத்தல் வேண்டும். இதுவே அவர் கணக்கு. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனக்கடலிலே, மழைத்தூறலில், காலடியாய் வண்டியை உருட்டினோம். கல்லிலும் குழியிலும் இடித்து ரியூப் வெடித்த வண்டிகள் வழிநெடுகக் கிடந்தன. அவற்றின் சுமையைத் தலையிலேற்றி நடந்தாரை நான் கண்டேன். மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பிலே படித்தவன் நான். அதன் பொருளை அன்றுதான் அறிந்தேன். எங்கள் வண்டி ஆச்சியைக் கொடிகாமம் வரையிற் கொண்டு சேர்த்தது. 1996 சித்திரையில் அதே வண்டியிலே அவரைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

இவ்வளவு கண்ட பின்னும் அவ்வண்டியின் அருமையை நான் உணர்ந்தேன் என்று சொல்ல இயலாது. ஆசிரியப் பயிற்சி பெற்று உத்தியோகம் கிடைத்ததும் முதலில் வாங்கியது மோட்டார்ச் சைக்கிள். 2011இல் ஐயா காலமானார். றலி வண்டியைக் கழுவி எண்ணெய் பூசி, பத்தியில் வளையோடு தூக்கிக் கட்டினேன். அதனை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டு வந்தது. நாட்டிலே எரிபொருள் இல்லாது போயிற்று. பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற துன்பம் யாவரும் அறிந்ததே. அப்போது நான் வேலணையிற் பாடசாலையொன்றில் கற்பித்துக்கொண்டிருந்தேன். இணுவிலிலிருந்து பண்ணைக்கு வந்து, கடலூடே செல்லும் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி வழியாகப் போதல் வேண்டும். சைக்கிளே கதி என்றானபோதும் வளையிற் கட்டிய வண்டியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நெடுந்தூரத்துக்கு மெல்லிய ரயரும் வளைந்த ஹான்டிலும் கொண்ட பந்தயச் சைக்கிளே ஏற்றதென்று துணிந்து, யப்பானிலிருந்து வந்த பழைய வண்டியொன்றை வாங்கினேன். அதன் ரயர் 23 மில்லிமீற்றர் அகலம். என் பெருவிரலை விடச் சற்றே தடிப்பு. 110 இறாத்தல் காற்றடித்தேன். விரலுக்குக் கல்லாய் இருந்தது. கடினமே வேகம் என்று நம்பினேன்.

காங்கேசன்துறை வீதியிலே முதல் வாரம் வண்டி பறந்தது. அல்லைப்பிட்டிக்கு அப்பால் உள்வீதிகளில் இறங்கியதும் ஒவ்வொரு பரற்கல்லும் உள்ளங்கையிற் பேசிற்று. பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது சின்னவிரல்கள் இரண்டும் விறைத்திருக்கும். ஒரு மாதத்துள் நான்கு முறை ரியூபுக்கு ஒட்டுப்போட்டேன். ஆடி மாதத்திலே ஒருநாட் காலை, சோளகக் காற்று எதிரே அடிக்க, தலையைக் குனிந்து மிதித்துச் சென்று, தார் வீதியிலிருந்து பாடசாலை ஒழுங்கைக்குத் திரும்பினேன். ஓரத்தில் மணல் படிந்திருந்தது. மெல்லிய முன்சில்லு கத்திபோல் அதற்குள் இறங்கியது. நான் வலக்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு வெடித்தது. ஆறு கிழமை வெண்கட்டி பிடிக்க முடியவில்லை. இடக்கையால் நான் கரும்பலகையில் எழுதிய ‘ழ’கரத்தைக் கண்டு மாணவர் சிரித்தனர்; ஆறாம் வகுப்பிற் கேட்ட சிரிப்பு எனக்கு நினைவு வந்தது.

எங்கள் சந்தியிற் சைக்கிள் திருத்தும் முதியவர் வளைந்த சில்லைக் கையிலெடுத்துச் சுழற்றிப் பார்த்தார். “மாஸ்ரர், சைக்கிள் பிழையில்லை. ஓடின றோட்டுக்கு இது பொருந்தாது. உங்கடை ஐயாவின்ரை வண்டி எங்கை?” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. கை கட்டிலிருந்த அந்த ஆறு கிழமையில் அவர் கடை வாங்கிலே மாலைதோறும் அமர்ந்தேன். கிடைத்த நூல்களையும் படித்தேன். அங்கே கற்றதையே இனிச் சொல்கிறேன்.

காற்றடைத்த ரயர் வேகத்துக்காகப் பிறந்ததன்று, சுகத்துக்காகப் பிறந்தது. ஸ்கொத்துலாந்தைச் சேர்ந்த தொம்சன் என்பார் 1845இலேயே அதற்கு உரிமை பெற்றார். உலகம் அதனை மறந்தது. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லொப் என்பார், தம் மகனின் முச்சக்கர வண்டி கல்லுத் தெருவில் உலுக்காதிருக்கும்பொருட்டு இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துச் சில்லிற் பூட்டினார். 1888இல் அதற்கு உரிமை பெற்றார். மகனின் உடம்பு நோகாதிருக்க ஒரு தந்தை செய்த உபாயமே அது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே, 1876இல், இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன என்பதும் நாம் அறியத்தக்கது.

ரயர் என்ன செய்கிறது? வண்டியையும் ஆளையும் தாங்குவது உள்ளிருக்கும் காற்று. பின்சில்லின் மேல் 120 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தம் இருந்தால், ரயர் ஏறத்தாழ மூன்று சதுர அங்குலம் நிலத்தைப் பற்றி நிற்கும். 110 இறாத்தலாயின் ஒரு சதுர அங்குலத்துக்குச் சற்று மேல்; அவ்வளவே. பற்றும் இடம் குறைந்தால் மணலிற் புதையும், கல்லிலே துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் வண்டியும் ஆளும் மேலெழுந்து விழுகின்றனர். அதற்குச் செலவாகும் வலு மிதிப்பவனின் கால்வலுவே. கரடான வீதியிலே கடின ரயர் வேகம் போலத் தோன்றுவது அதன் அதிர்ச்சியால். உண்மையில் அது நம்மைக் களைப்பிக்கிறது. மெல்லென இணங்கும் ரயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே செல்கிறது.

இது சோம்பர் கூற்றன்று. பந்தய வீரரே இதனை ஒப்புக்கொண்டுவிட்டனர். பிரான்சிலே 1896ஆம் ஆண்டு முதல் பாரிஸ் பக்கத்திலிருந்து ரூபே நகருக்கு ஓடும் பந்தயத்தில், கருங்கல் பாவிய பழந்தெருக்கள் பல குறுக்கிடும். அங்கே அகன்ற ரயரே பூட்டுவர். மட்டமான தெருவில் ஓடும் பெரும் பந்தயங்களிலுங்கூட, முன்னர் 23 மில்லிமீற்றர் ரயரில் ஓடியவர்கள் இன்று 28 மில்லிமீற்றருக்கும் அதற்கு மேலும் வந்துவிட்டனர். நான் 2022இல் வாங்கியது அவர்கள் கைவிட்ட கொள்கையை.

அவ்வாறாயின் எத்துணைக் காற்று வேண்டும்? ஆள் ஏறி அமர்ந்த பின், ரயரின் உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தாழ்வது நன்று என்று அளந்து பார்த்தோர் கூறுவர். 40 மில்லிமீற்றர் ரயரில் அது ஆறு மில்லிமீற்றர். நண்பரொருவர் அடிமட்டத்துடன் குந்தியிருந்தால் பார்த்துவிடலாம். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு, அவ்வகல ரயரில் முன்னே 35 முதல் 40, பின்னே 45 முதல் 50 இறாத்தல் ஏறத்தாழப் பொருந்தும். கரியரிற் பாரம் ஏறினால் பின்னே கூட்டுக. ரயரின் பக்கத்திற் பொறித்த உச்ச அளவைத் தாண்ட வேண்டா. மிகக் குறைத்தலும் ஆகாது. கல்லிலே இடிக்கும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நெரிந்து, பாம்பு தீண்டினாற்போல் இரண்டு துளை விழும். இக்கணக்கையெல்லாம் போட்டு முடித்தபின் ஐயாவின் பெருவிரலை நினைத்தேன். முன்னே பாரம் குறைவு, கல்லை முதலிற் சந்திப்பதும் அதுவே, ஆதலின் பழம். பின்னே பாரம் மிகுதி, ஆதலின் காய். அவர் நூல் படிக்கவில்லை, கணக்குச் சரியாயிருந்தது.

இனி ரயர் வாங்கப் போவார் கவனிக்க வேண்டியது அதன் பக்கத்தில் எழுதியுள்ள எண். செய்யுளைப் பதம் பிரித்துப் படிப்பதுபோல் இதனையும் பிரித்துப் படித்தல் வேண்டும். ஐயாவின் வண்டி போன்ற பழைய பெருவண்டிகளுக்கு 28 × 1½ என்றிருக்கும். அதனருகே 40–635 எனவும் காணலாம், 40 என்பது ரயரின் அகலம், 635 என்பது றிம்மிலே ரயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பெண்கள் வண்டிக்கும் இலகு வண்டிக்கும் 26 × 1⅜, அது 37–590. மலைச் சைக்கிள் எனப்படும் தடித்த ரயர் வண்டிக்கு 26 × 1.75, அது 47–559. பின்னமாய் எழுதிய 26உம் தசமமாய் எழுதிய 26உம் ஒன்றென்று எண்ணி வாங்கி வந்து, பூட்ட முடியாமல் திண்டாடியவர் பலர். பந்தய வண்டியின் பெருஞ்சில்லோ 622. பெயரை நம்பற்க, விட்டத்தை நம்புக. இரண்டு ரயர்களில் இக்கடைசி எண் ஒத்தால் மட்டுமே ஒன்று மற்றதன் இடத்தில் அமரும்.

எவ்வகல ரயரைத் தேர்வது? அதற்கு முதலில் நம் நாட்டு வழிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெருவீதிகள் 2009இன் பின்னர் காபெற் வீதிகளாகிவிட்டன. அவற்றை விட்டு நூறு பாகம் திரும்பினாற் கிறவல் ஒழுங்கை. இணுவில், கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கங்களில் செம்பாட்டு மண்; கோடையிற் புழுதி, மாரியிலோ சில்லோடு ஒட்டி மட்காட்டை அடைக்கும். குடாநாடு முழுவதும் அடியிற் சுண்ணாம்புக்கல். ஒழுங்கையோரத்தில் அது பல்லைக் காட்டும். சாட்டியிலும் மணற்காட்டிலும் மணல். இவற்றோடு நெருஞ்சி முள்ளும் பனங்கருக்கும் வேலிக்குக் கட்டிய முட்கம்பித் துண்டும். ஒரே பயணத்தில் இவை யாவற்றையும் மிதிப்பவனுக்கு 35 முதல் 45 மில்லிமீற்றர் அகலம் பொருந்தும். நாள்தோறும் கிறவலிலும் மணலிலும் போகவேண்டியவர் 50 மில்லிமீற்றர் வரையிற் போகலாம். ஆழ்ந்த மணலில் எந்த ரயரும் தோற்கும். அங்கே இறங்கி உருட்டுவதே அறிவு.

ரயரின் பூவைப் பற்றியும் மயக்கம் உண்டு. பெருங்குமிழ் போட்ட ரயர் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. தார் வீதியில் இரையும், இழுக்கும். மழை பெய்த தாரிலே பூ இல்லாவிடின் வழுக்கும் என்பது கார் ரயரைக் கண்டு எழுந்த எண்ணம். சைக்கிளின் ஒடுங்கிய ரயரும் அதன் வேகமும் நீரின்மேல் மிதக்குமளவுக்கு வாரா. நடுவில் மட்டமாயும் ஓரத்திற் சிறு பூவாயும் உள்ள ரயர் நம் வழிகளுக்குப் போதும். வாங்கும்போது பக்கச் சுவரை மடித்துப் பார்க்க. கடையிலே நெடுநாள் வெயிலிற் கிடந்ததாயின் நுண்ணிய வெடிப்புத் தோன்றும். முள் ஏறிய ரயருக்குப் புது ரியூப் போடுமுன் உட்புறத்தைத் துணியால் ஒருமுறை துடைக்க. ஒளிந்திருக்கும் முள் துணியில் மாட்டும். ஒட்டுப்போடும் பெட்டியும் ஒரு ரியூபும் பம்பும் உடன் கொண்டு செல்க. மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று அறியாத உமணர், வண்டியின் கீழே சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றிலே பொகுட்டெழினியைப் பாடும்போது காட்டுகிறார். நம் முன்னோர் அறிவு அத்தகையது.

இனி வண்டி. பெரும்பாலோர் வண்டியைத் தேர்ந்து, அதனோடு வந்த ரயரை ஏற்றுக்கொள்கின்றனர். நான் சொல்வது மறுதலை: ரயரைத் தேர்ந்து, அதற்கு இடங்கொடுக்கும் வண்டியைத் தேடுக. முன் போர்க்கிலும் பின்னும், பிறேக்கின் கீழும், ரயருக்கும் இரும்புக்கும் இடையே சின்னவிரல் நுழைய வேண்டும். என் பந்தய வண்டியில் 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ரயர் நுழையவே மாட்டாது. எனவே அதனைத் திருத்த வழியில்லாது போயிற்று. அடுத்து அளவு: பாரின் மேலாக நின்றால் இரு பாதமும் நிலத்திற் படிய, ஓரிரு அங்குலம் இடைவெளி இருத்தல் நன்று. இருக்கையில் அமர்ந்து குதிக்காலைக் கீழிறங்கிய பெடலில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். ஹான்டில் இருக்கையின் மட்டத்திலோ சற்று மேலோ இருந்தால் கையும் கழுத்தும் நோகா. இரும்பு றிம் மழையிற் பிறேக்குக்கு எளிதில் அடங்காது. அலுமினிய றிம் நன்கு அடங்கும். மட்காட்டும் செயின் மூடியும் ஆசிரியரின் வெள்ளை வேட்டிக்குக் காவல்.

கியர் வேண்டுமா என்று கேட்பர். நம் குடாநாட்டில் மலையில்லை. காற்றே நமது மலை. பண்ணைத் தாம்போதியிற் சோளகமும், வல்லை வெளியில் வாடையும் சோளகமும் அதன் ஏற்றங்கள். ஐயாவின் வண்டியில் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னே பிறீவீலில் 18 பல். ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் செல்லும். பிறீவீலை 20 பல்லாக்கினால் ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறையும். எதிர்க்காற்றில் முழங்கால் பிழைக்கும். சிறு செலவில் ஆகும் மாற்றம் இது. பல கியர் கொண்ட வண்டி வாங்கவும் தடையில்லை. ஆனால் நமது புழுதியில் அதற்குத் துடைப்பும் எண்ணெயும் அடிக்கடி வேண்டும். முன்னே சுருள்வில் வைத்த மலிவான வண்டியை மட்டும் நான் விரும்பேன். அது பாரத்தைக் கூட்டும். சில மாதத்தில் இறுகும். அகன்ற ரயரிலுள்ள காற்று அவ்வேலையை இலவசமாகச் செய்யும்.

கைக்கட்டு அவிழ்த்த கிழமை, ஐயாவின் வண்டியை வளையிலிருந்து இறக்கினேன். முதியவர் புதிய 28 × 1½ ரயர் இரண்டும், 20 பல் பிறீவீலும், பிறேக்குக் கட்டைகளும் போட்டுத் தந்தார். காற்றடித்ததும் என்னைப் பார்த்து, “அமத்திப் பாருங்கோ” என்றார். பாரிலே சுற்றிய துவாயை அவிழ்த்தபோது, அதன் அடியில் வண்ணம் தேய்ந்து இரும்பு வெளித்தெரிந்தது. அது நான் இருந்த இடம்.

இவ்வாண்டு என் மகனுக்குச் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனோம். தடித்த குமிழ் ரயரும் முன்னே சுருள்வில்லும் கொண்ட வண்டியின் மேல் அவன் கண் விழுந்தது. நான் மறுக்கவில்லை. ரயரின் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்; சின்னவிரலை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரம் வண்டி வண்டியாய்க் குந்திப் படித்தபின், சுருள்வில் இல்லாத 26 அங்குல வண்டியொன்றை அவனே காட்டினான். குமிழ் ரயரைக் கழற்றி மட்டமான 1.75 பூட்டித் தரும்படி கடைக்காரரிடம் கேட்டதும் அவனே. தேர்வு அவனுடையது. பம்பு மட்டும் வீட்டிலிருந்த பழையது.

இன்று நான் நம் கல்லூரியிலேயே தமிழ் கற்பிக்கிறேன். கடமையேற்ற முதல் நாட் காலை, ஐயாவின் வண்டியிலேயே புறப்பட்டேன். பழைய சந்திக்கு வந்ததும், நான் நினையாமலே என் கை பிறேக்கைப் பிடித்தது. வண்டி நின்றது. சற்றுநேரம் ஒரு காலை ஊன்றி நின்றேன். மாணவர் இருவர் மூவராய் என்னைத் தாண்டிச் சென்றனர். ஒருவன் வணக்கஞ் சொன்னான். பின்பு பெடலை மிதித்து, வாயில் வரையிற் சென்று, வாயிலையும் கடந்து, கொட்டகையிலே வண்டியை நிறுத்தினேன். அவர் இரண்டு ஆண்டுகள் வாராது நின்ற அந்தச் சிறு தூரம் மிதித்தால் ஒரு நிமிடமும் ஆகாது.

மாணவச் செல்வங்களே, மாலையில் வண்டியை எடுக்கும்போது ஒருமுறை சில்லைப் பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள். பழைய மாணவ அன்பர்களே, உங்கள் வீட்டுப் பத்தியில் தூக்கிக் கட்டிய வண்டியிருப்பின் இறக்கிக் காற்றடியுங்கள். முன்சில்லு பழம், பின்சில்லு காய்.

வாழ்க நம் கல்லூரி!